தூளியா, தாய்மடியா, தோளா, பாயா: தூங்க மறுக்கும் கைக்குழந்தைக்கு எது பொருந்தும்?

மியான்மரின் யாங்கோனிலும் பெகுவிலும் தன்லினிலும் நம் தமிழர் வீடுகளில் பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. இரண்டு மாதக் குழந்தை இரவு ஒன்பது மணிக்குக் கண்ணைக் கசக்கும், கொட்டாவி விடும், ஆனாலும் தூங்காமல் முதுகை வளைத்துக்கொண்டு வீறிட்டு அழும். தூளி கட்டினால்தான் அடங்கும் என்பார் அப்பத்தா. சமமான பாயில் மல்லாக்கக் கிடத்துங்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பார் மருத்துவமனைச் செவிலியர். வெளிநாட்டிலிருந்து பேசும் அக்காள், அழவிட்டால் நான்கே நாளில் பழகிவிடும் என்பாள். தூக்கமின்றித் தள்ளாடும் தாய் இந்த மூவருக்கும் நடுவே நின்றுகொண்டு எதை ஏற்பது என்று தெரியாமல் தவிக்கிறாள்.

இந்த ஆலோசனைகள் ஒன்றோடொன்று மோதுவது போலத் தோன்றுவதற்கு முக்கியமான காரணம், தூங்க வைக்கும் வழியும் தூங்கும் இடமும் ஒன்றாகப் பேசப்படுவதே என்று நான் கருதுகிறேன். தூளியில் ஆட்டித் தூங்க வைத்த குழந்தை இரவு முழுவதும் தூளியிலேயே கிடக்க வேண்டியதில்லை. மடியில் பால் குடித்தபடி உறங்கிய குழந்தை தாயின் தலையணைக்குப் பக்கத்திலேயே விடிய வேண்டியதும் இல்லை. இந்த இரண்டையும் பிரித்து முடிவு செய்தால், வீட்டுப் பெரியவர்களோடு எழும் பிணக்கில் பாதி குறைந்துவிடும்.

குழந்தை ஏன் மறுக்கிறது

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பிறந்தது முதல் 3 மாதம் வரை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரமும், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும் குழந்தைக்குத் தூக்கம் தேவை. இது பகல் தூக்கத்தையும் சேர்த்த கணக்கு. பிறந்த குழந்தைக்கு இரவு பகல் பேதம் தெரியாது. உடலின் அந்தக் கடிகாரம் இரண்டாம் மாதத்திலிருந்து நான்காம் மாதத்துக்குள்தான் மெல்ல உருவாகிறது. அழுகையும் இரண்டாம் வாரத்தில் கூடத் தொடங்கி, ஆறாம் வாரத்தை ஒட்டி உச்சத்தை எட்டி, மூன்று நான்கு மாதங்களில் தணியும். ஆறாம் வாரத்துப் பிள்ளை மாலையில் அடங்காமல் அழுதால், பெரும்பாலும் அது வளர்ச்சியின் ஒரு கட்டமாகவே இருக்கும். பாலில் குறையென்று தாயைக் குற்றம் சொல்வதும், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று தேடுவதும் அவளை மேலும் சோர்வடையச் செய்யும்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். முதல் மூன்று மாதங்களில் குழந்தை நேராக ஆழ்ந்த தூக்கத்துக்குள் செல்வதில்லை. இமைக்குள் விழி உருள, உதடு துடிக்க, கைவிரல்கள் அசைய, மேலோட்டமான தூக்கத்தில்தான் முதலில் நுழைகிறது. தூங்கிவிட்டதென்று எண்ணி அப்போது கீழே கிடத்தினால் உடனே விழித்துக்கொள்வது இதனால்தான். சுமார் இருபது நிமிடம் கழித்து, தூக்கிப் பிடித்த கை துவண்டு விழுமாயின் ஆழ்ந்துவிட்டதென்று கொள்ளலாம். ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 50 நிமிடம் என்பதால், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குழந்தை அரைகுறையாக விழிப்பதும் இயல்பானதே.

எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது பாதுகாப்பு. இதில் பேரம் இல்லை. குழந்தை நெடுநேரம் தூங்கும் இடம் சமமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும், குழந்தை மல்லாந்து படுத்திருக்க வேண்டும், தலையணையும் தடித்த போர்வையும் மெத்தென்ற பொம்மையும் அருகில் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் 1994இல் குழந்தைகளை மல்லாக்கக் கிடத்தும்படி நாடு தழுவிய பிரசாரம் தொடங்கிய பின், தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்கள் சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் புதுப்பித்த பரிந்துரை, குறைந்தது முதல் ஆறு மாதங்களுக்குப் பெற்றோர் படுக்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் குழந்தையைத் தூங்க வைக்கச் சொல்கிறது.

இரண்டாவது, அந்த வழியை வீட்டில் யார் யாரால் செய்ய முடியும் என்பது. மூன்றாவது, இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் அதையே திரும்பச் செய்ய உடம்பு இடம் கொடுக்குமா என்பது. நான்காவது குழந்தையின் வயது. ஐந்தாவது நம் ஊரின் வெப்பமும் மின்வெட்டும் கொசுவும். சித்திரை வெயிலில் விசிறி நின்றுவிட்டால் எந்த வழி தாங்கும் என்ற கேள்விக்குப் பிற நாட்டுக் கையேடுகளில் விடை கிடைக்காது; நாமேதான் சிந்தித்துக்கொள்ள வேண்டும்.

தூளி

நம் வீடுகளில் இன்றும் முதலிடம் தூளிக்குத்தான். அம்மாவின் பழைய பருத்திச் சேலையையோ அப்பாவின் துவைத்துத் துவைத்து மெலிந்த லுங்கியையோ உத்தரத்தில் கட்டி, நடுவில் குழந்தையைக் கிடத்தி, ஆராரோ பாடியபடி ஆட்டினால், அதுவரை வீறிட்ட குழந்தை சில நிமிடங்களில் கண் சொக்கிப் போகும். பக்கத்து வீட்டுப் பர்மியக் குடும்பங்களிலும் துணித் தொட்டிலும் மூங்கில் தொட்டிலும் உண்டு என்பதால், இதை விநோதமாகப் பார்ப்பவர் இங்கே யாரும் இல்லை. செலவே இல்லாதது, தாத்தா, பாட்டி, பத்து வயது அண்ணன் என்று எவர் வேண்டுமானாலும் கயிற்றைப் பிடித்து ஆட்டலாம், மின்சாரம் போனாலும் ஆட்டத்தில் எழும் காற்று கொஞ்சம் ஆறுதல் தரும்.

மறைந்திருக்கும் விலையையும் பார்க்க வேண்டும். துணி குழிந்து தொங்குவதால் குழந்தையின் முதுகு வில்லாக வளைந்து, தாடை நெஞ்சில் படிகிறது. கழுத்து நிற்காத குழந்தைக்கு அந்த நிலையில் மூச்சுக்குழாய் ஒடுங்கக்கூடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் இந்த ஆபத்து அதிகம். இரு பக்கத் துணியும் மேலே சேர்ந்துவிட்டால் முகம் மூடிக்கொள்ளும், வெப்பமும் உள்ளேயே தங்கும். தூளியை முறுக்கிச் சுற்றிவிட்டு விளையாடும் மூத்த பிள்ளைகளால் துணி கழுத்தில் இறுகும் அபாயமும் இருக்கிறது. குழந்தை குப்புற விழத் தொடங்கிய பிறகு தூளியிலிருந்து கீழே விழ ஒரு நொடி போதும். இவற்றோடு, ஆட்டத்திலேயே தூங்கிப் பழகிய குழந்தை ஒவ்வொரு தூக்கச் சுற்றின் முடிவிலும் ஆட்டத்தைத் தேடும். தூங்கியபடியே கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களைப் பார்த்தவர்களுக்கு அதன் பாரம் தெரியும்.

மர வீடுகளில் தேக்கு உத்தரம் பளுவைத் தாங்கும். யாங்கோனின் ஒடுங்கி நீண்ட அடுக்குமாடி வீடுகளில் கூரையில் கொக்கி அடித்தோ சன்னல் கம்பியில் முடிந்தோ கட்டுகிறார்கள். கொக்கி வாங்கும் பளுவைப் பெரியவர் ஒருவர் தம் கையால் தொங்கிச் சோதிக்காமல் குழந்தையை அதில் இடக் கூடாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூளி இருக்க வேண்டியதில்லை. கீழே பாய் விரித்திருக்க வேண்டும், துணியின் இரு ஓரங்களுக்கு நடுவே ஒரு மூங்கில் குச்சியைக் குறுக்கே செருகி முகத்தின் மேல் இடைவெளி உண்டாக்க வேண்டும், விழித்திருக்கும் பெரியவர் ஒருவர் பார்வையிலேயே தூளி இருக்க வேண்டும். குழந்தை ஆழ்ந்து தூங்கியதும் தூக்கிப் பாயில் கிடத்திவிட வேண்டும். இவ்வளவும் முடியுமென்றால், கழுத்து நின்ற குழந்தைக்குப் பகல் தூக்கத்தில் தூளியை நான் மறுக்க மாட்டேன். இரவு முழுவதும் தூளியில் விடுவதை ஏற்க மாட்டேன்.

பால் கொடுத்தபடியே தூங்க வைத்தல்

கைக்குழந்தைக்கு இதைவிட இயல்பான வழி இல்லை. குடிக்கும்போதே குழந்தைக்கு உறக்கம் வருவது உடலின் அமைப்பு. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற சுரப்புநீரும் இருக்கிறது. மின்வெட்டோ மழையோ இதைத் தடுக்காது. முதல் மூன்று நான்கு மாதங்களில் இப்படித் தூங்க வைத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று சொல்பவர்களுக்குத் தாய்மார் காது கொடுக்க வேண்டாம். அந்த வயதில் இரவில் பசித்து விழிப்பது தேவையான ஒன்று.

மறைந்த விலை, தாயைத் தவிர வேறு எவராலும் இதைச் செய்ய முடியாது என்பது. இங்கே அது சிறிய செய்தி அன்று. மியான்மரின் 2012ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம், காப்பீடு பெற்ற பெண் தொழிலாளருக்கு 14 வாரப் பேறுகால விடுப்பு அளிக்கிறது. பேற்றுக்கு முன் 6 வாரம், பின் 8 வாரம். அதாவது அழுகை உச்சத்தில் இருந்து இறங்கத் தொடங்கும் வேளையில், இரண்டு மாதக் குழந்தையை மாமியாரிடமோ தன் தாயிடமோ விட்டுவிட்டு அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். பால் குடித்துத் தூங்க மட்டுமே அறிந்த குழந்தை, பகலில் பாட்டியின் கையில் இரண்டு மணி நேரம் அழுது களைக்கும், பாட்டியும் களைப்பார். வேலைக்குத் திரும்பப் போகும் தாய், கடைசி இரண்டு மூன்று வாரங்களிலேயே ஒரு பகல் தூக்கத்தையாவது வேறொருவர் கையில் ஒப்படைத்துப் பழக்குவது மிகவும் நல்லது.

மற்றொரு விலை, களைத்த தாய் பால் கொடுத்தபடியே தானும் உறங்கிவிடுவது. பாயில் படுத்துக் கொடுக்கும்போது இது எளிதாக நேரும். சாய்வு நாற்காலியிலும் சோபாவிலும் உறங்கிவிடுவது இன்னும் பேராபத்து. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, குறைமாதக் குழந்தை, பிறக்கையில் இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தை, புகைபிடிப்பவர் உள்ள வீடு, மதுவோ தூக்க மருந்தோ உட்கொண்டவர் பக்கத்தில் இருப்பது ஆகிய எந்த நிலையிலும் ஒரே படுக்கையில் சேர்ந்து தூங்கக் கூடாது. வீட்டுக்குள் சுருட்டுப் பிடிக்கும் தாத்தாவை வெளியே போகச் சொல்வது சிரமம்தான். ஆயினும் அந்தப் புகையும் குழந்தையின் திடீர் மரண ஆபத்தைக் கூட்டும் என்பதை மரியாதையோடு, தெளிவாக, மகனே அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அதை மருமகள் தலையில் கட்டக் கூடாது.

தோளில் சாய்த்து நடத்தல்

அழுகை முற்றிவிட்ட குழந்தைக்கு வேகமாகப் பயன் தருவது இதுவே. 1986இல் மொன்றியலில் நடந்த ஓர் ஆய்வில், நாள்தோறும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள், ஆறாம் வாரத்தில் மற்றவற்றைவிட 43 விழுக்காடு குறைவாக அழுதன. 2022இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குமி குரோடாவின் குழு, 21 குழந்தைகளைக் கவனித்து, அழும் குழந்தையை ஐந்து நிமிடம் தூக்கிக்கொண்டு நடந்தால் அழுகை அடங்குவதையும், ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் தூங்கிவிடுவதையும் கண்டது. தூங்கியதும் ஐந்து முதல் எட்டு நிமிடம் வரை கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்து, பிறகே கிடத்தினால் விழிப்பது குறையும் என்பதும் அவர்கள் கண்டது. குழந்தையின் இதயத் துடிப்பு ஏறத் தொடங்குவது பாயைத் தொடும் நொடியில் அன்று, தாயின் உடம்பைவிட்டுப் பிரியும் நொடியில் என்றும் அந்த ஆய்வு காட்டியது.

ஆகவே கிடத்தும் விதம் முக்கியம். மெல்லக் குனிந்து, நம் மார்பைக் குழந்தையின் மார்போடு ஒட்டியபடியே தாழ்ந்து, முதலில் பாதம், பின்பு இடுப்பு, கடைசியாகத் தலை என்று பாயில் பட வேண்டும். அதன் பிறகு அடிக்கையைச் சட்டென்று உருவாமல், மற்றொரு கையை அதன் நெஞ்சின் மேல் லேசாக வைத்திருந்து, மூச்சு சீரானதும் விரல் விரலாக எடுக்க வேண்டும். தூக்கிவாரிப் போட்டது போல இரு கைகளையும் விரித்துக் குழந்தை திடுக்கிடும் அனிச்சைச் செயல் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். அதுவரை இந்தப் பொறுமை வேண்டும்.

தந்தையர்க்கு ஏற்ற வழி இது. வயதான பாட்டியின் முதுகுக்கும், அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்ற தாயின் தழும்புக்கும் ஏற்றதன்று. வெயில் காலத்தில் இரண்டு உடம்பின் சூடும் சேர்ந்து குழந்தை வியர்த்துப் போகும் என்பதால், தோளில் ஒரு பருத்தித் துண்டு போட்டுக்கொண்டு, காற்று வரும் சன்னல் பக்கம் நடப்பது நல்லது.

பாயில் கிடத்தித் தட்டிக் கொடுத்தல்

கண் சொக்கியும் முழுதும் உறங்காத நிலையில் குழந்தையைப் பாயில் கிடத்தி, பக்கத்தில் அமர்ந்து தொடையிலோ நெஞ்சிலோ ஒரே தாளத்தில் தட்டி, மெல்லிய குரலில் பாடுவது. மல்லாந்த நிலை, சமமான இடம், கொசுவலை ஆகிய எல்லாப் பாதுகாப்பும் தொடக்கத்திலேயே அமைந்துவிடுகின்றன. தூங்கிய இடத்திலேயே விழிப்பதால், இடையில் விழித்தாலும் குழந்தை மிரள்வது குறைவு. பாட்டியும் உட்கார்ந்தபடி செய்யலாம். சார்ஜ் ஏற்றிய சிறு மின்விசிறியைக் குழந்தையின் முகத்துக்கு நேராக வைக்காமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால், மின்சாரம் இல்லாத இரவிலும் காற்று ஓடிக்கொண்டிருக்கும்.

இதன் விலை நேரமும் நிதானமும். முதல் வாரங்களில் பல குழந்தைகளுக்கு இது பலிக்காது. மூன்றாம் மாதத்துக்குப் பிறகே கைகூடும். சரியான வேளையைத் தவறவிட்டாலும் பலிக்காது. புருவம் சிவப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கைவிரல்களை இறுக மூடிக்கொள்வது ஆகியவை தொடக்க அறிகுறிகள். பிறந்த மாதத்தில் விழித்து ஒரு மணி நேரத்துக்குள்ளும், மூன்று மாதத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும் இவை தோன்றிவிடும். அதைக் கடந்து களைத்துவிட்ட குழந்தை எந்தத் தட்டலுக்கும் அடங்காது. அப்போது தோளில் தூக்கி அமைதிப்படுத்திவிட்டு மறுபடி கிடத்துவதே வழி.

அழவிட்டுப் பழக்குதல்

அமெரிக்க மருத்துவர் ரிச்சர்டு ஃபெர்பர் 1985இல் பரவலாக்கிய முறை இது. குழந்தையைக் கிடத்திவிட்டு வெளியேறி, இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டி வந்து தேற்றுவார்கள். ஆஸ்திரேலியாவில் 43 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2016இல் வெளியான ஆய்வில் இந்த முறையால் குழந்தைகள் விரைவாகத் தூங்கின. ஓராண்டு கழித்தும் தாய்ப்பாசத்தில் குறை தெரியவில்லை. ஆனால் அக்குழந்தைகள் 6 முதல் 16 மாத வயதுடையவை. இரண்டு மாதக் குழந்தைக்கு இதைப் பொருத்துவது தவறு. அது பசிக்காகவும் அணைப்புக்காகவும் அழுகிறது. ஆறு மாதத்துக்குப் பின்னும், ஒரே அறையில் நான்கைந்து பேர் உறங்கி, மெல்லிய தடுப்புக்கு அப்பால் அடுத்த குடும்பம் உறங்கும் வீடுகளில் இது நடைமுறைக்கு ஒவ்வாது. அதே ஆய்வில் சோதிக்கப்பட்ட மற்றொரு வழி, தூங்க வைக்கும் நேரத்தைச் சில நாள் தள்ளிப்போட்டு, குழந்தை எளிதாகத் தூங்கத் தொடங்கியதும் படிப்படியாக முன்னே கொண்டு வருவது. அதுவும் பயன் தந்தது. நம் வீடுகளுக்கு அதுவே தகும்.

| வழி | யாரால் முடியும் | ஏற்ற வயது | முக்கிய மறைவிலை |
|---|---|---|---|
| தூளி | எவராலும் | கழுத்து நின்றது முதல் குப்புற விழும் வரை, பகலில் மட்டும் | மூச்சு, சூடு, ஆட்டத்தைத் தேடும் பழக்கம் |
| பால் | தாய் மட்டும் | பிறந்தது முதல் | தாயின் ஓய்வு, சேர்ந்து உறங்கிவிடும் ஆபத்து |
| தோள் | தந்தை, திடமான பெரியவர் | பிறந்தது முதல் | முதுகு வலி, வியர்வை |
| பாயில் தட்டுதல் | எவராலும் | மூன்றாம் மாதம் முதல் எளிது | நேரம், பொறுமை |
| அழவிடுதல் | தனியறை உள்ளவர் | ஆறு மாதத்துக்குப் பின் | வீட்டாரின், அண்டை வீட்டாரின் தூக்கம் |

எந்த வீட்டுக்கு எது

தாய் வீட்டிலேயே இருக்கும் முதல் மூன்று மாதங்களில், இரவில் பாலும் மாலை அழுகைக்குத் தந்தையின் தோளும் போதும். வேறு பயிற்சி எதையும் தொடங்க வேண்டாம். தாய் எட்டாம் வாரத்தில் வேலைக்குப் போவதானால், பாட்டிக்கு எது எளிதோ அதையே பகலுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாட்டி பாயில் தட்டுவதையே செய்வாரானால் மிக நன்று; தூளிதான் என்றால், குழந்தையின் கழுத்து நிற்கும் வரை காத்திருக்கச் சொல்லி, மேலே கூறிய நிபந்தனைகளைச் செய்து காட்டிவிட வேண்டும். குறைமாதக் குழந்தைக்குத் தூளி வேண்டாம். நான்காம் மாதத்திலிருந்து எல்லா வீடுகளிலும் பாய் முறைக்கு மெல்ல நகர்வதே என் பரிந்துரை. அதற்கும் ஒரே நாளில் மாற வேண்டியதில்லை. முதலில் இரவின் முதல் தூக்கத்தை மட்டும் பாயில் தொடங்கலாம், ஏனெனில் அப்போதுதான் குழந்தைக்கு உறக்க நாட்டம் மிகுந்திருக்கும்.

எந்த வழியைக் கைக்கொண்டாலும் சில பொருள்களைத் தொடவே கூடாது. சளி, இருமல் மருந்துகளைத் தூக்கத்துக்காகக் கொடுப்பது இங்கும் நடக்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுக்க வேண்டாமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே எச்சரித்தது. வசம்பை உரைத்து நாக்கில் தடவும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அதை உணவில் சேர்ப்பதற்கே அமெரிக்கா 1968இல் தடை விதித்தது. தேன் ஒரு வயது வரை வேண்டாம், அதிலுள்ள கிருமி விதைகள் சிசுவின் தசைகளை முடக்கும் நோயைத் தரக்கூடும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடம்பு வெப்பம் 38 டிகிரி செல்சியசைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, அழுகை வழக்கத்துக்கு மாறாகக் கீச்சென்று ஒலித்தாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, தூங்க வைக்கும் முயற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். குழந்தைக்கு ஒன்றுமில்லை, தாய்க்குத்தான் இனித் தாங்காது என்ற நிலை வந்தால், குழந்தையைக் கொசுவலைக்குள் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, அது அழுதாலும் சில நிமிடம் வெளியே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு திரும்புவதில் பிழை எதுவும் இல்லை. கோபத்தில் குழந்தையை ஒரு முறை உலுக்கினாலும் மூளையில் இரத்தம் கசியக்கூடும் என்பதால், அந்த நேரத்தில் தாயை விடுவித்துக் குழந்தையை வாங்கிக்கொள்வது வீட்டில் உள்ள மற்றவர்களின் கடமை.